பள்ளிகளில் மாணவர் எடை கணிப்பும் பெற்றோருக்கான அறிக்கையும்

பள்ளி எடை கணிப்பு என்பது மாணவர்களின் உயரத்தையும் எடையையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் பள்ளியிலேயே அளந்து, வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நடைமுறையாகும். சில நாடுகளில் இந்த முடிவு கடிதமாகவோ அறிக்கையாகவோ பெற்றோருக்கு அனுப்பப்படுகிறது. எடையை அளப்பது எளிது. அளந்த பிறகு அந்த எண்ணை யாரிடம், எப்படி, எதற்காகச் சொல்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு உள்ளது. தாம்பரத்தையும் சென்னையின் தென் புறநகரையும் முன்வைத்து இந்தக் கேள்வியின் பல பக்கங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

தென் புறநகரின் பின்னணி

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இதன் வடக்கிலும் கிழக்கிலும் பெருநகர சென்னை மாநகராட்சியின் ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் மண்டலங்கள் உள்ளன. ஜி.எஸ்.டி. சாலையையும் புறநகர் ரயில் பாதையையும் ஒட்டி வளர்ந்த இப்பகுதியில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிகுலேஷன் பள்ளி, மத்தியப் பாடத்திட்டப் பள்ளி ஆகிய எல்லா வகைகளும் அருகருகே உள்ளன. கட்டுமானத் தொழிலாளியின் குழந்தையும் மென்பொருள் நிறுவன ஊழியரின் குழந்தையும் ஒரே தெருவில் வளர்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் வெவ்வேறு பள்ளிகளுக்குப் போகிறார்கள்.

எடையைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது. சென்னையில் 51 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 19,000 மாணவர்களிடம் நடத்தப்பட்ட 'ஆரஞ்சு' என்னும் ஆய்வு 2014-இல் வெளியானது. பன்னாட்டு வரையறையின்படி, தனியார் பள்ளி மாணவர்களில் 21.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். அரசுப் பள்ளிகளில் இந்த அளவு 3.6 சதவீதம் மட்டுமே. அதே காலத்தில் நாடு முழுவதும் மெலிவு பெரும் சிக்கலாகவே இருந்தது. 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 19 வயதுள்ளோரில் 24 சதவீதம் பேர் வயதுக்குரிய அளவைவிட மெலிந்திருந்தனர். 5 சதவீதம் பேர் அதிக எடையுடன் இருந்தனர். ஆகவே, பள்ளியில் எடை பார்ப்பது என்றால் 'குண்டான' பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது என்று மட்டும் பொருள் கொள்வது தவறு. ஒரு பள்ளியில் மெலிவும் அடுத்த பள்ளியில் பருமனும் முதன்மைச் சிக்கலாக இருக்கலாம். ஒரே வகுப்பில் இரண்டும் இருக்கலாம்.

இப்போது நடக்கும் எடை கணிப்பு

இந்தியப் பள்ளிகளுக்கு எடை பார்ப்பது புதிதல்ல. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகள் பரிசோதிக்கப்படுகிறார்கள். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோர் அடங்கிய நடமாடும் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் செல்ல வேண்டும் என்பது இதன் அமைப்பு. பிறவிக் குறைபாடுகள், சத்துக் குறைபாடுகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகிய நான்கு பிரிவுகளில் குழந்தைகள் பார்க்கப்படுகிறார்கள். கடும் ஊட்டக்குறைவும் இரத்தசோகையும் சத்துக் குறைபாடுகளில் அடங்கும். சிக்கல் தென்பட்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்புவதும் இத்திட்டத்தின் பகுதி.

தனியார் பள்ளிகளில் நிலைமை வேறு. பல பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு நாள் மருத்துவ முகாம் நடத்துகின்றன. உயரமும் எடையும் பள்ளி நாட்குறிப்பிலோ மதிப்பெண் அட்டையிலோ எழுதப்படும் வழக்கமும் உண்டு. கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில் 5 வயது முதலே உடல் நிறைக் குறியெண் கணக்கிடப்படுகிறது. ஆகவே, 'அளக்கலாமா' என்பதைவிட, 'அளந்த எண்ணை வைத்து என்ன செய்கிறோம்' என்பதே இன்று கேட்க வேண்டிய கேள்வி.

எடையிலிருந்து குறியெண்ணுக்கு

எடை மட்டும் தனியாக எதையும் சொல்லாது. 39 கிலோ என்பது உயரமான பிள்ளைக்குக் குறைவாகவும் குள்ளமான பிள்ளைக்கு அதிகமாகவும் இருக்கலாம். எனவே எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண் பயன்படுகிறது. பிஎம்ஐ என்று பரவலாக அறியப்படும் இந்த உடல் நிறைக் குறியெண்ணின் அடிப்படையை 19-ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர். கணிதமும் புள்ளியியலும் அறிந்தவர். தனி மனிதரின் நோயைக் கண்டறிவதற்காக அவர் இதை உருவாக்கவில்லை. மக்கள்தொகையின் சராசரியை விளக்கவே உருவாக்கினார்.

ஓர் எடுத்துக்காட்டு: 10 வயதுச் சிறுவன் ஒருவனின் உயரம் 140 செ.மீ., எடை 39 கிலோ. 1.4-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 1.96. 39-ஐ 1.96-ஆல் வகுத்தால் 19.9. வளர்ந்தவருக்கு இது இயல்பான எண். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், 10 வயதுச் சிறுவர்களின் நடு அளவு சுமார் 16.4. அதிக எடையின் எல்லை 18.5, உடற்பருமனின் எல்லை 21.4. எனவே இச்சிறுவன் அதிக எடைப் பிரிவில் வருகிறான். அதே 19.9 குறியெண் 17 வயது இளைஞனுக்கு இயல்பானது. வளர்ந்தவர்களுக்கான அட்டவணையை வைத்துப் பள்ளிப் பிள்ளையின் எண்ணைப் படித்தால் விடை தவறாகிவிடும். வயது, பாலினம் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தியப் பிள்ளைகளுக்கென இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல் 5 முதல் 18 வயது வரையிலான வளர்ச்சி அட்டவணைகளை வெளியிட்டது. இதில் வளர்ந்தவரின் 23-க்குச் சமமான கோடு அதிக எடையையும், 27-க்குச் சமமான கோடு உடற்பருமனையும் குறிக்கின்றன. தெற்காசியருக்குக் குறைந்த குறியெண்ணிலேயே நீரிழிவு வாய்ப்பு கூடுவதால் எல்லைகள் இவ்வாறு தாழ்த்தப்பட்டன. எந்த அட்டவணையைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே குழந்தை ஒன்றில் 'இயல்பு' என்றும் மற்றொன்றில் 'அதிக எடை' என்றும் வரக்கூடும்.

எண்ணின் எல்லைகள்

குறியெண்ணுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றே. புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டு இதை விளக்கினர். இருவரின் குறியெண்ணும் 22.3. ஆனால் யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடல் கொழுப்பு 21.2 சதவீதம். பார்வைக்கு மெலிந்த இந்திய உடலில் கொழுப்பு மறைந்திருக்கலாம் என்பதற்கு இப்படம் புகழ்பெற்ற சான்றானது. மறுபுறம், கபடியோ நீச்சலோ பழகும் மாணவனின் தசை எடை அவனை 'அதிக எடை' என்று காட்டிவிடலாம்.

பருவ வயதும் கணக்கைக் குழப்பும். சில பிள்ளைகள் உயர்வதற்குச் சற்று முன் உடல் பூசி, பிறகு ஓராண்டுக்குள் நெடுநெடுவென வளர்ந்துவிடுவார்கள். ஒரே நாளில் எடுத்த ஒற்றை அளவு இதைக் காட்டாது. ஆண்டுதோறும் எடுத்த அளவுகளை வரிசையாக வைத்தால்தான் வளர்ச்சிக் கோடு தெரியும்.

அளக்கும் விதத்திலும் பிழை நேரும். மேற்கண்ட சிறுவனின் உயரத்தை 2 செ.மீ. குறைத்து 138 என்று எழுதினால் குறியெண் 19.9-இலிருந்து 20.5 ஆகிவிடும். காலணி, இடைவார், சட்டைப்பையிலுள்ள பொருட்கள் ஆகியவற்றோடு எடை பார்த்தாலும் கணக்கு மாறும். நீண்ட வரிசையில் நிற்கும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே காலையில் அளந்து முடிக்கும் முகாமில் இத்தகைய பிழைகளுக்கு வாய்ப்பு அதிகம்.

ஆதரவு வாதங்கள்

முதலாவது, பெற்றோரின் கண் தன் பிள்ளையை அளக்கும் கருவி அல்ல. தினமும் பார்க்கும் முகத்தில் மெல்ல நிகழும் மாற்றம் தெரிவதில்லை. தமிழ்க் குடும்பங்களில் 'பூசினாற்போல இருக்கிறான்' என்பது பாராட்டு, 'இளைத்துவிட்டாள்' என்பது கவலை. பிள்ளையின் உடலைப் பற்றி வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. இச்சூழலில் அதிக எடை கவனத்துக்கு வராமலே போகிறது. நடுநிலையான ஓர் அளவு அந்த மௌனத்தைக் கலைக்கக்கூடும்.

இரண்டாவது, எடை குறைவது நோயின் அறிகுறியாக இருக்கலாம். 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் ஒரு ரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர் அமைந்த ஊர் தாம்பரம். குழந்தைகளிடம் காசநோயைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகளில் விடாத காய்ச்சல், இருமல் ஆகியவற்றோடு எடை குறைவதும் எடை கூடாமல் நிற்பதும் அடங்கும். முந்தைய ஆண்டின் எடை பதிவாகியிருந்தால்தான் குறைந்திருப்பது தெரியும்.

மூன்றாவது, பின்னாளைய நோய்களின் அச்சம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். முந்தைய ஆய்வில் இவை முறையே 30.9, 28.2 சதவீதமாக இருந்தன. இத்தகைய பழக்கங்களின் வேர் பள்ளிப் பருவத்தில் இருப்பதால் அப்போதே கவனிக்க வேண்டும் என்பது சுகாதாரத் துறையினரின் வாதம்.

எதிர் வாதங்கள்

எடை பார்க்கும் இடம் பெரும்பாலும் வகுப்பறையோ தாழ்வாரமோதான். ஒருவர் எண்ணை உரக்கச் சொல்ல, மற்றவர் பதிவேட்டில் எழுதுவார். வரிசையில் நிற்கும் எல்லோர் காதிலும் அது விழும். அன்று மதியத்துக்குள் ஒரு பட்டப்பெயர் பிறந்துவிடும். 'குண்டு' என்பதைப் போலவே 'ஒல்லிக்குச்சி' என்பதும் காயப்படுத்தும். வளரிளம் பெண்கள் சாப்பாட்டைத் தவிர்க்கத் தொடங்குவதற்கு இப்படி ஒரு சொல் போதும்.

அறிக்கை வீட்டுக்குப் போன பிறகு நடப்பதும் கவனிக்கத்தக்கது. மதிப்பெண் அட்டையோடு வரும் எந்த எண்ணும் மதிப்பெண்ணாகவே படிக்கப்படும். அதிக எடை என்றால் இரவு உணவை நிறுத்துவது, தம்பியோடு ஒப்பிட்டுத் திட்டுவது, விளம்பரத்தில் கண்ட பொடியை வாங்கிக் கலக்கிக் கொடுப்பது என்று எதிர்வினைகள் கிளம்பும். குறைந்த எடை என்றால் சத்து மாவையும் இனிப்பையும் திணிப்பதும் நடக்கும். வளரும் பிள்ளைக்கு இவை எல்லாமே கேடு.

வறிய குடும்பத்துக்கு வரும் அறிக்கை வேறு வகையில் வலிக்கும். காலையில் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு 'உங்கள் குழந்தைக்குப் போதிய ஊட்டம் இல்லை' என்ற வரி தகவலாக ஒலிக்காது, குற்றச்சாட்டாகவே ஒலிக்கும்.

தனியுரிமையும் ஒரு கேள்வி. உடல் அளவு மருத்துவத் தகவல். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகக் கருதி, அவர்களின் தரவைக் கையாளத் தனி விதிகளை வகுக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லா மாணவரின் எடைப் பட்டியலையும் பகிர்வது சட்டம் பார்க்காமலே தவறு என்று சொல்லத்தக்கது.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2003-இல் சட்டம் இயற்றி, பள்ளி மாணவரின் குறியெண்ணைப் பெற்றோருக்குத் தெரிவிக்கத் தொடங்கியது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இக்கடிதங்கள் பிள்ளைகளைப் புண்படுத்துகின்றன என்ற எதிர்ப்பு எழுந்து, 2013-இல் அனுப்புவது கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் தொடக்க வகுப்பிலும் 10, 11 வயதிலும் தேசிய அளவில் எடை பார்க்கப்படுகிறது. விரும்பாத பெற்றோர் விலகிக்கொள்ளலாம்.

தமிழ் மாணவர்களும் படிக்கும் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992-இல் 'ட்ரிம் அண்ட் ஃபிட்' என்னும் திட்டம் தொடங்கியது. அதிக எடையுள்ள மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டனர். மாணவரிடையே உடற்பருமன் சுமார் 14 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்குக் கீழே வந்தது. ஆனால் பிரித்து வைக்கப்பட்டவர்கள் கேலிக்கு ஆளானார்கள் என்ற விமர்சனம் ஓயவில்லை. 2007-இல் இத்திட்டம் நிறுத்தப்பட்டு, எல்லா மாணவரையும் உள்ளடக்கிய முழுமை நலத் திட்டம் கொண்டுவரப்பட்டது.

கடிதம் அனுப்புவதால் பயன் உண்டா என்பதை நேரடியாகச் சோதித்தது கலிபோர்னிய ஆய்வு. 79 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 28,600 மாணவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவில் எடை பார்த்துப் பெற்றோருக்குத் தெரிவித்தார்கள். இரண்டாவதில் எடை மட்டும் பார்த்தார்கள். மூன்றாவதில் இரண்டும் இல்லை. இரண்டாண்டுகளுக்குப் பிறகும், கடிதம் சென்ற வீட்டுப் பிள்ளைகளின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மாறாக, பள்ளியில் எடை பார்க்கப்பட்டவர்களிடம் தம் உடலைப் பற்றிய மனநிறைவு கூடுதலாகக் குறைந்தது, சக மாணவரிடையே எடை குறித்த பேச்சும் கூடியது. கடிதம் மட்டும் போதாது என்பதை இந்த முடிவு தெளிவாகக் காட்டுகிறது.

தமிழ்நாட்டின் சொந்தப் பாடம்

எடை பார்த்துத் தாயிடம் சொல்லும் முறை தமிழ்நாட்டில் பெரிய அளவில் நடந்த வரலாறு உண்டு. உலக வங்கியின் உதவியுடன் 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை ஊரிலேயே ஒரு பணியாளர் மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு வரைந்தார். அந்தக் கோட்டைத் தாய்க்குக் காட்டி விளக்கினார். கோடு மேலேறாமல் நின்றாலோ இறங்கினாலோ குழந்தைக்கு 90 நாட்களுக்குக் கூடுதல் சத்துணவு தரப்பட்டது. போதிய எடை கூடியதும் அது நிறுத்தப்பட்டது.

இத்திட்டம் கைக்குழந்தைகளுக்கானது. பள்ளி மாணவருக்கு அப்படியே பொருந்தாது. எனினும் அதன் அமைப்பில் ஒரு பாடம் உண்டு. அங்கே எடை என்பது ஒரு கேள்வி, அதற்கான விடை உணவாகவும் உரையாடலாகவும் அதே இடத்தில் கிடைத்தது. சொல்பவர் தாய்க்குத் தெரிந்த அக்கம்பக்கத்துப் பெண். அடுத்த மாதம் மீண்டும் எடை பார்க்கப்பட்டது. கலிபோர்னியக் கடிதத்தில் எண் மட்டும் வீட்டுக்குப் போனது. கொட்டாம்பட்டியில் எண்ணோடு ஒரு கை உதவியும் போனது.

அறிக்கை எப்படி அமைய வேண்டும்

இந்த அனுபவங்களிலிருந்து பள்ளிகள் கடைப்பிடிக்கத்தக்க சில நெறிகள் கிடைக்கின்றன.

1. பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெறுதல். விலகிக்கொள்ளும் உரிமையை அதே தாளில் குறிப்பிடுதல்.
2. திரை மறைவில் அல்லது தனி அறையில், ஒருவர் பின் ஒருவராக அளத்தல். எண்ணை உரக்கச் சொல்லாதிருத்தல்.
3. காலணியைக் கழற்றி, சரிபார்க்கப்பட்ட கருவியால் அளத்தல். உயரத்தை இரு முறை பார்த்தல்.
4. எடையை மட்டும் தனித்துப் பார்க்காமல் கண், பல், இரத்தசோகை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தல்.
5. முடிவை மதிப்பெண் அட்டையில் எழுதாமல், மூடிய உறையில் தனியாகத் தருதல். கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோரிடம் நேரில் பேசுதல்.
6. முந்தைய ஆண்டுகளின் அளவுகளையும் சேர்த்துத் தருதல்.
7. அடுத்து எங்கே போவது என்பதைக் குறிப்பிடுதல். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, தேவைப்பட்டால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை ஆகியவை தென் புறநகர் மக்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளன.

சொல்லும் மொழியும் முக்கியம். 'உங்கள் மகன் உடற்பருமன் கொண்டவர். எடையைக் குறைக்கவும்' என்பது தீர்ப்பு. 'உங்கள் மகனின் எடை, அவர் வயதுப் பிள்ளைகளுக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிடக் கூடுதலாக உள்ளது. இது நோய் என்று பொருளல்ல. மருத்துவர் ஒருமுறை பார்ப்பது நல்லது. அவர் முன்னிலையில் எடையைப் பற்றிக் கேலியாகப் பேச வேண்டாம்' என்பது தகவல். இரண்டுக்கும் தாளின் செலவு ஒன்றுதான்.

பள்ளியின் கடமை

பெற்றோருக்குக் கடிதம் எழுதும் பள்ளி தன் பங்கையும் கணக்கிட வேண்டும். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டு, மாணவரின் எடை கூடிவிட்டது என்று வீட்டுக்கு எழுதுவது பொருந்தாது. நெருக்கமாகக் கட்டிய புறநகரில் பல பள்ளிகளுக்குப் போதிய விளையாட்டுத் திடல் இல்லை. மாலை வேளைகளை டியூஷன் விழுங்கிவிடுகிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளியிலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பள்ளிவிடும் நேரத்தில் வாயிலருகே என்ன விற்கிறது என்பதைப் பார்ப்பதும் ஒரு வகை எடை கணிப்புதான்.

மெலிவுக்கான விடையும் பள்ளியிலேயே இருக்க முடியும் என்பதைத் தமிழ்நாடு முன்பே காட்டியுள்ளது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும், 2022-இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கின. இவை எந்தப் பிள்ளையையும் தராசில் நிறுத்தித் தகுதி பார்த்துச் சோறு போடவில்லை. வந்த எல்லோருக்கும் போட்டன. அதனால்தான் அந்தத் தட்டில் அவமானம் ஒட்டவில்லை.

பெற்றோர் செய்யக்கூடியவை

அறிக்கை கையில் கிடைத்தால், முதலில் அதைப் பிள்ளையின் முன் உரக்கப் படிக்காமலிருப்பது நல்லது. ஒற்றை எண்ணால் பதறத் தேவையில்லை. பழைய அளவுகளோடு ஒப்பிட்டு மருத்துவரிடம் காட்டலாம். வளரும் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடையைக் குறைப்பதைவிட, உயரம் கூடும்வரை எடை வேகமாக ஏறாமல் பார்த்துக்கொள்வதே மருத்துவர்கள் கூறும் வழி. மாற்றம் ஒரு பிள்ளையின் தட்டில் மட்டும் நிகழாமல் வீட்டின் சமையலறையில் நிகழ வேண்டும். குளிர்பானமும் பொரித்த தின்பண்டமும் வீட்டுக்கு வருவது குறைந்தால் எல்லோருக்கும் குறையும். மாலையில் ஒரு மணி நேரம் ஓடி விளையாட விடுவது, உறங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது ஆகியவை மெலிந்த பிள்ளைக்கும் பருத்த பிள்ளைக்கும் ஒருசேர நன்மை தரும்.

சுருக்கம்

பள்ளியில் எடை பார்ப்பது அளவுக்குள் பயனுள்ள பரிசோதனை. ஆனால் அது சிகிச்சை அல்ல. மறைவாக அளந்து, வயதுக்கேற்பப் படித்து, அடுத்த படியைக் காட்டும் அறிக்கை பெற்றோருக்கு உதவும். வெறும் எண்ணை மட்டும் அனுப்பும் அறிக்கை பிள்ளைக்குப் பட்டப்பெயரையும் வீட்டுக்குச் சண்டையையும் தரக்கூடும். எனவே, உணவு, விளையாட்டு, மருத்துவ உதவி ஆகியவற்றுள் எதையாவது அளித்துத் துணைநிற்க இயலும் பள்ளியே அறிக்கை அனுப்பத் தகுதியுடையது. அதற்கு ஆயத்தமாக இல்லாத பள்ளி முதலில் திடலையும் சிற்றுண்டிச்சாலையையும் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு தராசை எடுக்கலாம்.